ஒரே இணைய இணைப்பு, மூன்று தளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் வருவது ஒரே இணைப்பு. ரவுட்டர் தரைத்தளத்தில் இருக்கிறது. கணினிகளோ கீழே ஒன்று, முதல் மாடியில் ஒன்று, அதற்கும் மேலே இன்னொன்று. இப்படி இருக்கிற வீடுகளிலிருந்து என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் பதில் ஒரு வரிதான்: மாடிக்கு மாடி கம்பி இழுங்கள், அறைக்குள் வைஃபை விடுங்கள். ஏன் அப்படி, கம்பி இழுக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் கீழே.

ஒவ்வொரு தளத்துக்கும் தனி இணைப்பு வாங்க வேண்டுமா?

வேண்டாம். வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது பெரும்பாலும் ரவுட்டரின் ஒரே ஐபி முகவரிதான். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரிகளை ரவுட்டரே கொடுக்கிறது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் புழங்குவதற்கென்று ஒதுக்கப்பட்ட எண்கள் இவை. யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பது ரவுட்டரின் வேலை.

வேகம் பங்கு பிரியுமே என்று கவலைப்படுகிறார்கள். எல்லாரும் ஒரே நொடியில் இழுத்தால் பிரியும்தான். ஆனால் ஹெச்டி வீடியோவுக்கு 5 மெகாபிட் அளவும், 4கே வீடியோவுக்கு 15 முதல் 25 மெகாபிட் வரையும் போதும். 100 மெகாபிட் இணைப்பு ஒரு குடும்பத்துக்குத் தாராளம். "மாடியில் இழுக்கவில்லை" என்று சொல்லி அதிக வேகத் திட்டத்துக்கு மாறியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மாறிய பிறகும் மாடியில் இழுக்காது. குறை வெளியே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது.

கீழே பறக்கிறது, மேலே போனால் ஏன் நத்தையாகிறது?

நடுவில் கான்கிரீட் தளம் இருக்கிறது, அதற்குள் கம்பிவலை இருக்கிறது. வைஃபை அலைக்குச் சாதாரணச் செங்கல் சுவரைவிட இது பெரிய தடை. சிக்னலை டெசிபெலில் அளப்பார்கள்: 3 டெசிபெல் குறைந்தால் பாதி போய்விட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இரண்டு தளங்களைக் கடந்தால் இந்த இழப்பும் இரண்டு தடவை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தடையைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் ஊடுருவும், ஆனால் மெதுவானது. அக்கம்பக்கத்து வைஃபைகளும் அதில்தான் நெருக்கியடிக்கும்.

பணம் செலவழிப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை முயன்று பாருங்கள். ஒன்று, ரவுட்டரை மாடிப்படிக்குப் பக்கத்தில் வையுங்கள். படிக்கட்டு ஏறும் இடத்தில் தளம் திறந்திருக்கிறது, அலையும் அந்த வழியாக ஏறும். இரும்பு அலமாரி, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் பின்னால் ரவுட்டரை ஒளித்துவைக்காதீர்கள். இரண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி ஆன்டெனா இருந்தால் ஒன்றை நேராகவும் ஒன்றைப் படுக்கையாகவும் திருப்புங்கள். அந்தக் குச்சி தன் பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. எல்லாக் குச்சிகளும் செங்குத்தாக நின்றால், நேர் மேலே இருக்கும் அறைக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான்.

ஒரு ரிப்பீட்டர் வாங்கி மாட்டினால் போதாதா?

மின்னஞ்சல் பார்க்கப் போதும். ரிப்பீட்டர் ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் திருப்பிச் சொல்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டையும் செய்யும் மலிவு ரகத்தில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். இரண்டாவது தவறு அதை மாட்டும் இடம். சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய் மாட்டுவார்கள். அதற்கே சிக்னல் கிடைக்காதபோது அது எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும்.

மெஷ் என்கிறார்களே, அது?

வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும் பெட்டிகளின் கூட்டம்தான் மெஷ். ரிப்பீட்டரைவிட நல்லது. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை வைத்திருக்கும் ரகம் இன்னும் நல்லது. ஆனால் பெட்டிக்குப் பெட்டி கம்பியில்லாமல் பேசினால் அந்தப் பேச்சும் அதே கான்கிரீட்டைத்தான் தாண்ட வேண்டும். விளம்பரப் படங்களில் தளம் கண்ணாடிபோல இருக்கும், அவ்வளவுதான். நல்ல மெஷ் பெட்டிகளில் எல்லாம் கம்பி செருக ஒரு போர்ட் உண்டு. மாடிக்குக் கம்பி போய், அந்தக் கம்பியின் முனையில் மெஷ் பெட்டி உட்கார்ந்தால் அதைவிட வசதி வேறில்லை.

சரி, கம்பிதான் என்று முடிவு செய்துவிட்டேன். எந்தக் கம்பி?

நெட்வொர்க் கம்பி, அதாவது ஈதர்நெட் கம்பி. அதில் கேட்5இ ரகமே 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும். எந்த வீட்டின் மாடிப்படியும் 100 மீட்டரை எட்டாது. புதிதாக வாங்குவதானால் கேட்6 வாங்குங்கள். அது சுமார் 55 மீட்டர் வரை 10 கிகாபிட்டுக்கும் ஈடுகொடுக்கும். கேட்6ஏ தடியானது, வளைக்கச் சிரமம், வீட்டுக்கு அவசியமில்லை. ஏற்கெனவே சுவருக்குள் கேட்5இ ஓடுகிறது என்றால் அதைப் பிடுங்க வேண்டாம்.

எண்ணைவிட முக்கியம் உள்ளே இருக்கும் உலோகம். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பிகள் கேட்6 என்றே அச்சடித்து விற்கப்படுகின்றன. உறையில் சிசிஏ என்று இருந்தால் அதுதான் இது. எளிதில் முறியும், மின்தடை அதிகம், கம்பி வழியாகவே மின்சாரம் அனுப்ப நினைத்தால் சூடாகும். முழுச் செம்பு கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுவருக்குள் ஓடுவதற்கு ஒற்றை இழைக் கம்பி. மேசையில் அங்குமிங்கும் வளையும் சிறிய துண்டுகளுக்குப் பல இழைக் கம்பி. வெளிச்சுவரில் ஓடுமானால் வெயில் தாங்கும் உறை உள்ளதாக இருக்க வேண்டும், உள்ளறைக்கான கம்பியின் மேல்தோல் வெயிலில் வெடித்துவிடும். வெளியிலிருந்து சுவர்த் துளைக்குள் நுழையும் இடத்தில் கம்பியைச் சற்றுத் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக நுழையுங்கள். இல்லாவிட்டால் மழைநீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே வரும்.

மின்கம்பி போகும் குழாய்க்குள் இதைச் சேர்த்து இழுக்கவே கூடாது. இரைச்சல் ஏறும் என்பது சிறிய காரணம், பெரிய காரணம் உயிர். தனிக் குழாய் வேண்டும். மின்கம்பியைக் குறுக்கே தாண்டியே ஆக வேண்டும் என்றால் செங்குத்தாகத் தாண்டுங்கள், அதோடு ஒட்டிப் பல மீட்டர் ஓடவிடாதீர்கள். அப்புறம், ஒன்று இழுக்கும்போதே இரண்டாக இழுத்துவிடுங்கள். கம்பியின் விலை இழுக்கும் உழைப்புக்கு முன் ஒன்றுமில்லை.

நானே முனை போடலாமா?

தாராளமாக. கனெக்டரைக் கம்பியின் முனையில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் கருவியும் ஒரு கைப்பிடி கனெக்டரும் போதும். கனெக்டரின் கொக்கி கீழே இருக்க, இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. உள்ளே கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும், அந்த முறுக்கை வேண்டிய அளவுக்கு மட்டும் பிரியுங்கள். அந்த முறுக்குதான் இரைச்சலை அடக்குகிறது, அழகுக்காகப் போட்டதில்லை.

நான் முதன்முதலில் போட்ட முனையில் நீலக் கம்பி ஒன்று உள்ளே சரியாகத் தொடவில்லை. இணையம் வந்தது, நானும் பெருமையாகக் கருவியை எடுத்துவைத்துவிட்டேன். 100 மெகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளில் இரண்டே போதும். ஆரஞ்சும் பச்சையும் ஒழுங்காக இருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றியது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். பெரிய கோப்பு ஒன்றைக் கீழிருந்து மேலே நகலெடுத்த அன்றுதான் எனக்கு உறைத்தது. முனை போட்டதும் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் 1 கிகாபிட் அதாவது 1000 என்று காட்டுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மேலே வந்தது ஒரு கம்பி. கணினிகள் மூன்று. எப்படிப் பிரிப்பது?

ஒரு கம்பியைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, சாதாரண ஐந்து போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். எந்த அமைப்பும் செய்ய வேண்டியதில்லை, செருகினால் வேலை செய்யும். கீழிருந்து வரும் கம்பி எந்த போர்ட்டிலும் இருக்கலாம். ஒய் வடிவத்தில் விற்கும் பிரிப்பான் துண்டை வாங்காதீர்கள். அது ஜோடிகளைப் பங்கு போடுகிறதே தவிர இணைப்பைப் பிரிப்பதில்லை.

ஒரு எச்சரிக்கை. மேசைக்கு அடியில் கிடக்கும் கம்பியின் ஒரு முனை ஏற்கெனவே ஸ்விட்சில் இருப்பதைக் கவனிக்காமல், மறுமுனையையும் யாராவது அதே ஸ்விட்சில் செருகிவிடுவார்கள். செய்தி உள்ளேயே வட்டமடித்துப் பெருகி, நொடிகளில் வீடு முழுக்க இணையம் செத்துவிடும். எல்லாம் திடீரென்று நின்று, ஸ்விட்சின் விளக்குகள் எல்லாம் வெறிபிடித்ததுபோல் மின்னினால் முதலில் இதைத் தேடுங்கள்.

பழைய ரவுட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. மேல்மாடியில் அதைப் பயன்படுத்த முடியுமா?

முடியும், நல்ல யோசனையும்கூட. அதை ரவுட்டர் வேலையிலிருந்து இறக்கி, வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக, அதாவது ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்ற வேண்டும். அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இல்லையென்றால் கையால் செய்யலாம்.

முதலில் பழைய ரவுட்டரை ரீசெட் செய்து, அதோடு ஒரு கணினியை மட்டும் கம்பியில் இணையுங்கள். அதன் முகவரியை மாற்றுங்கள். கீழே இருப்பது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். கீழ் ரவுட்டர் அந்த எண்ணை வேறு யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்காதபடி அதன் பட்டியலுக்கு வெளியே இருக்க வேண்டும். அடுத்து, பழையதில் டிஎச்சிபியை அணைத்துவிடுங்கள். முகவரி கொடுக்கும் அந்த வேலையை வீட்டில் ஒருவர் மட்டுமே செய்ய வேண்டும். கடைசியாக, கீழிருந்து வரும் கம்பியை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேறு நிறத்தில் தனியாக இருக்கும் வேன் அல்லது இன்டர்நெட் போர்ட்டை அப்படியே காலியாக விட்டுவிடுங்கள்.

அந்தத் தனி போர்ட்டில் செருகினாலும் இணையம் வரும், அதனால்தான் பலரும் அங்கே செருகுகிறார்கள். ஆனால் அப்போது வீட்டுக்குள் இன்னொரு வீடு உருவாகிவிடுகிறது. மேலே உள்ள கணினியைக் கீழே உள்ளது பார்க்காது, சில விளையாட்டுகள் இணையாது, கோப்புப் பகிர்வு முரண்டு பிடிக்கும். உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் வேலையை இரண்டு ரவுட்டர்களும் தனித்தனியே செய்வதுதான் காரணம்.

இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயரா, வேறு வேறா?

ஒரே பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே பாதுகாப்பு வகை. அப்போதுதான் மாடி ஏறும்போது மடிக்கணினி தானாகக் கைமாறும். அலைவரிசை எண் மட்டும் வேறாக இருக்கட்டும்: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான், கீழே 1 என்றால் மேலே 6. சில கருவிகள் கீழ்ப்பெட்டியை விட மனமில்லாமல் மேலே வந்த பிறகும் அதையே பிடித்துத் தொங்கும். கீழ்ப்பெட்டியின் வீச்சுச் சக்தியைச் சற்றுக் குறைத்தால் விட்டுவிடும்.

சுவரைத் துளைக்கவே முடியாது. வேறு வழி?

மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்று இருக்கிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டையும் சுவர் பிளக்கில் மாட்ட வேண்டும். பெட்டியில் அச்சடித்திருக்கும் 1000, 2000 என்ற எண்ணை நம்பாதீர்கள், கையில் கிடைப்பது அதில் சிறிய பங்கு. மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மேல்தளம் இன்னொன்றிலும் இருந்தால் சிக்னல் மிகவும் மெலிந்துவிடும் அல்லது போய்ச் சேராது. தளத்துக்குத் தனி மீட்டர் இருந்தாலும் அப்படியே. யுபிஎஸ் வழியாகவோ மின்னழுத்தப் பாதுகாப்புள்ள நீட்டிப்புப் பலகை வழியாகவோ மாட்டினால் அதன் வடிகட்டி சிக்னலையும் சேர்த்தே விழுங்கும். மோட்டார் ஓடும்போது தடுமாறுவதும் உண்டு. திருப்பித் தரும் வசதியோடு வாங்கி உங்கள் வீட்டில் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

பழைய தொலைக்காட்சிக் கம்பி, உருண்டையான கோஆக்ஸ் கேபிள், தளத்துக்குத் தளம் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இரு முனையிலும் அந்தக் கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் மோகா அடாப்டர் மாட்டினால் பவர்லைனைவிட மிக நிலையான இணைப்பு கிடைக்கும். மோகா 2.5 ரகம் பெயருக்கேற்ப 2.5 கிகாபிட் வரை போகும். டிஷ் ஆன்டெனாவின் கம்பியாக அது இன்னும் வேலை செய்துகொண்டிருந்தால் மட்டும் தொடாதீர்கள், இரண்டும் ஒரே அலைவரிசைப் பகுதியில் மோதிக்கொள்ளும்.

மேலேயிருந்து கீழே உள்ள பிரின்டர் தெரியவில்லை.

மேலே சொன்ன இரட்டை ரவுட்டர் விவகாரம்தான் முதல் சந்தேகம். இரண்டு இடத்திலும் ஐபி முகவரியைப் பாருங்கள். ஒன்று 192.168.1, இன்னொன்று 192.168.0 என்று தொடங்கினால் அகப்பட்டுவிட்டது. அது சரியாக இருந்தால், கணினியோ பிரின்டரோ விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில் அந்த நெட்வொர்க் பொது என்று குறிக்கப்பட்டிருந்தாலும் மற்றவை தெரியாது, தனிப்பட்டது என்று மாற்றுங்கள்.

மாடியில் ஒருவர் பெரிய வீடியோவை ஏற்றினால் கீழே எல்லாமே தடுமாறுகிறதே?

பல திட்டங்களில் பதிவேற்ற வேகம் பதிவிறக்கத்தைவிடக் குறைவு. அந்தக் குறுகிய வாசலில் வீடியோவின் துண்டுகள் வரிசைகட்டி நிற்கும்போது, பக்கம் திறக்கக் கேட்கும் சின்னஞ்சிறு கோரிக்கையும் அதே வரிசையின் வாலில் நிற்க வேண்டியிருக்கிறது. ரவுட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் க்யூஓஎஸ் அல்லது எஸ்க்யூஎம் என்ற அமைப்பு இருந்தால் போட்டுவிட்டு, இணைப்பின் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். வேகத்தை நாமே குறைப்பதா என்று தோன்றும். வைத்துப் பாருங்கள், வீடு அமைதியாகிவிடும்.

மேல்மாடியில் வாடகைக்கு வேறு குடும்பம் இருக்கிறது. பகிரலாமா?

முதலில் உங்கள் இணைப்பின் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஒரு குடும்பத்துக்கு மேல் பகிரக் கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதியிருக்கும். அனுமதி இருந்தாலும், வெளியே தெரிவது உங்கள் பெயரில் உள்ள முகவரிதான். அங்கிருந்து யார் என்ன செய்தாலும் முதல் கேள்வி உங்களிடம் வரும்.

தொழில்நுட்பத்தில் ஒரு பொறி இருக்கிறது. "அவர்களுக்குத் தனி ரவுட்டர் கொடுத்துவிட்டேன், பிரித்துவிட்டேன்" என்பார்கள். உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் அவர்கள் ரவுட்டர் இருந்தால், உங்களால் அவர்கள் கணினிகளைப் பார்க்க முடியாது. அவர்களால் உங்கள் கணினிகளை எட்ட முடியும்! பாதுகாப்பு நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. அவர்களுக்கு விருந்தினர் வைஃபை கொடுங்கள், அல்லது ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் விலேன் வசதி உள்ள ரவுட்டரில் அவர்கள் கம்பியைத் தனியே பிரியுங்கள்.

கடவுச்சொல் போட்டால் போதும்தானே?

கிட்டத்தட்ட. வைஃபை பாதுகாப்பு வகையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூஇபி என்ற பழைய வகை மட்டுமே தெரிந்த பெட்டியைத் தூக்கிப்போடுங்கள். பொத்தானிலும் எட்டு இலக்கப் பின்னிலும் இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள், அந்தப் பின்னில் உள்ள ஓட்டை 2011லேயே அம்பலமாகிவிட்டது. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மேலே வைத்த பழைய ரவுட்டருக்கும் மாற்ற வேண்டும், அதை எல்லாரும் மறக்கிறார்கள்.

எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழிருந்து மேலே போங்கள். ரவுட்டரில் கம்பியால் நேரடியாக இணைத்து வேகத்தை அளங்கள். அங்கேயே குறைவென்றால் பிரச்சினை வெளியே. அங்கே சரி என்றால், மேல்மாடி ஸ்விட்சில் கம்பியால் அளங்கள், பிறகு வைஃபையில். எந்தப் படியில் சரிகிறதோ அங்கே நில்லுங்கள். ரவுட்டரை பிங் செய்தால், அதாவது அதற்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்தால், கம்பியில் 1 மில்லிநொடி அளவில் பதில் வர வேண்டும். எண் தாவிக்கொண்டே இருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. 169.254 என்று தொடங்கும் முகவரி கணினிக்கு வந்திருந்தால், அதற்கு ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவே இல்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

இன்னொன்று: பதிவிறக்கம் 12 என்று காட்டுகிறது, நான் வாங்கியதோ 100 என்று புகார் வரும். திட்டத்தில் சொல்வது மெகாபிட், உலாவி காட்டுவது மெகாபைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. புகாருக்கு இடமில்லை.

மின்சாரம் போனால் மேலே மட்டும் இணையம் போகிறது, கீழே இருக்கிறது. ஏன்?

கீழ் ரவுட்டருக்கு யுபிஎஸ் இருக்கிறது, மேலே உள்ள ஸ்விட்சுக்கு இல்லை. மேலேயும் ஒரு சிறிய யுபிஎஸ் வைக்கலாம். அல்லது கம்பி வழியாகவே மின்சாரம் வாங்கும் ஆக்சஸ் பாயின்ட் போட்டுவிட்டால் கீழே உள்ள ஒரே யுபிஎஸ் மூன்று தளத்துக்கும் போதும். பிஓஇ என்று அதற்குப் பெயர். முழுச் செம்புக் கம்பி வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.